பாதி அரைத்த கிர்ணி

பள்ளிப்பட்டில் பகல் பதினொன்றரை.
மிக்ஸி இரண்டு சுற்றோடு நின்றது.
கரண்ட் இனி நாலு மணிக்குத்தான்.
ஜாருக்குள் கிர்ணிப்பழம்
கூழுமில்லை, துண்டுமில்லை.

குழாய்ச் சண்டைக்குப் பிறகு
பத்தொன்பது நாளாய்ப் பேசாத
முனிரத்னம்மா
சுவருக்கு அந்தப் பக்கம்
மோர் கடைவது கேட்டது.

எட்டிப் பார்த்து
வெறுங்கையை உருட்டிக் காட்டினேன்.
ஒன்றும் சொல்லாமல்
மத்தைக் கழுவி நீட்டினாள்.
கழுவியும் போகாத மோர்வாசம்.

வெல்லம், ஏலம், பானைத் தண்ணீர்.
கடைந்ததில் விதை நாலைந்து தப்பியிருந்தது.

மத்தோடு ஒரு சொம்பும் சுவரேறியது.
ஒரு வாய் குடித்தாள்,
நாக்கைச் சப்பினாள்.
"உப்பு" என்றாள்.

தமிழில் சொன்னாளா, தெலுங்கிலா,
தெரியவில்லை.
ஒரு சிட்டிகை எடுத்து வந்தேன்.
சொம்பை நீட்டியபடியே
வெயிலில் நின்றிருந்தாள்.