சோம்பு மணக்கும் புழு

பொட்டலத்தைப் பிரித்ததும் சோம்பு மணந்தது.
பத்துப் புழு. வெளிர்பச்சை ரப்பர், உடம்பெல்லாம் ஜிகினாப்பொடி,
ஒவ்வொன்றுக்கும் அரிவாளாய் வளைந்த வால்.
மிட்டாய் என்று சின்னவள் ஒன்றைக் கடித்துவிட்டுத் துப்பினாள்.

நைட் ஷிப்ட் முடிந்து நேரே உப்பனாறு.
முதுநகர் ரயில் பாலத்தடியில்
உயிர் இறால் விற்கிற அஞ்சுகம்
ஒன்றை வாங்கி இழுத்துப் பார்த்தாள், விட்டாள்.
துள்ளி நின்றது.
"இதுக்கு உசுரு இருக்கா?"
"இல்ல."
"அப்புறம்?"
"வாலு இருக்கு."
இறால் வாளி தளும்பச் சிரித்தாள்.

ஏழு கிராம் ஈயத்தலை.
முள்ளை மூக்கில் நுழைத்து முதுகில் எடுக்க வேண்டும்,
கோணினால் தண்ணீருக்குள் பம்பரம்.
வீசினேன். ஒன்று, இரண்டு, மூன்று, சேறு தட்டியது.
மெல்லச் சுற்று. நிறுத்து. சுற்று.
கலங்கலுக்கு அடியில் வால் துடிப்பது
நூலேறி, கோலேறி
என் கட்டைவிரலுக்குக் கேட்கிறது.
உயிர் மாதிரி நடிக்கிறது அது.
நடிப்பு முழுக்க என் மணிக்கட்டில்.

டொக்.

கொடுவா என்று மனசு கூவுவதற்குள்
நூல் தொய்ந்துவிட்டது.
இழுத்தால்
உடம்பு இருக்கிறது, முள் இருக்கிறது,
வால் இருந்த இடத்தில் கத்தரித்த மாதிரி வெட்டு.

"பேத்தை" என்றாள் அஞ்சுகம், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அடுத்தது. பேத்தை.
அதற்கடுத்தது. பேத்தை.
ஏழாவதைக் கடித்தது முள்ளில் மாட்டியே வந்தது.
கரையில் கிடந்து, உப்பி, பந்தாகி,
பல்லை நறநறத்து என்னைத் திட்டியது.
தள்ளி விட்டேன். வேறென்ன செய்ய.

எட்டரைக்கு பாசஞ்சர் பாலத்தைக் குலுக்கிப் போனது.
கடைசியாகச் சின்னவள் கடித்ததைப் போட்டேன்.
பதினைந்து வீச்சு.
அதை மட்டும் பேத்தைகூடத் தொடவில்லை.

பஸ்ஸில் பக்கத்து சீட்காரர்
"பிரியாணியா?" என்று மூக்கை உறிஞ்சினார்.
தலையாட்டி வைத்தேன்.

ஒன்பது வால்கள் ஆற்றில் இருக்கின்றன,
ஏதேதோ வயிற்றில், செரிக்காமல்.
சிப்காட் குழாய்க் கம்பெனியில் தரப் பரிசோதனை என் வேலை.
இந்தச் சரக்கு எத்தனை வருடம் தாங்கும் என்று
தாளில் கையெழுத்துப் போடுகிற பேனா
சட்டைப்பையில்
ஒன்பது மொட்டை உடம்புகளுக்கு நடுவே
செருகியிருக்கிறது.

பத்தாவது,
பல் தடத்தோடு,
பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம்
வாலை ஆட்டுகிறது.