உறைநிலை

லேவார்டனில் எனக்கு வேலை
பாலை உறையவைத்துப் பார்ப்பது.
கலப்பில்லாத பால்
சுழியத்துக்குக் கீழே அரை டிகிரி இறங்கித்தான் உறையும்.
தண்ணீர் சேர்ந்திருந்தால் கொஞ்சம் மேலேயே.
நாளுக்கு இருநூறு குப்பிகள்.
கலந்தவரிடம் போய்ச் சொல்வது
வேறொருவர் வேலை.

சேர்ந்த முதல் வாரம், எதிர்மேசை வீட்ஸ்கே
என் வத்தக்குழம்பில் ஒரு கரண்டி எடுத்தாள்.
"பிடிக்கவில்லை" என்றாள்.
மூடியை அழுத்தி, துடைத்து, திருப்பித் தந்தாள்.
அதே மூச்சில்
"சனிக்கிழமை வீட்டுக்கு வா. மூன்று மணி.
ஐந்துக்குக் கிளம்பிவிடு, நாங்கள் சாப்பிட வேண்டும்."

குழம்பை அன்றே மன்னித்துவிட்டேன்.
அந்த ஐந்து மணிதான்
தொண்டையில் முள்ளாய் நின்றது.

போனேன்.
அவள் கணவர் டவுவே,
கால்வாயில் படகு வந்தால் பாலத்தைத் தூக்கிவிடுபவர்.
ஐந்தடிக்க எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு,
நம் வழக்கத்தை அவர்கள் மொழியில் போட்டு
"போய்விட்டு வருகிறேன்" என்றேன்.
டவுவே நாட்குறிப்பைப் புரட்டினார்.
"எப்போது?"

பேனா திறந்தபடி காத்திருந்தது.
வெறும் "போகிறேன்" என்பதில் என்ன அமங்கலம் என்று
வாசலில் நின்று எப்படி விளக்க?
"ஏப்ரல் ஒன்பது" என்றேன், வாயில் வந்ததை.
ஏப்ரல் ஒன்பதாம் தேதி அவர்கள் மேசையில்
மூன்றாவது கோப்பை இருந்தது.

பதினோரு வருஷம்.
ஞாயிறு வேலைக்கு வருவாயா என்று ஷூர்ட் கேட்டால்
"பார்க்கலாம்" சொல்வதில்லை இப்போது.
(சொன்ன காலத்தில் திங்களன்று வந்து
"பார்த்தாயா?" என்பான்.)
முடியாது என்கிறேன். நன்றி என்கிறான்,
நிஜமாகவே.

நாக்கு ருசி கண்டுவிட்டது.
தங்கை வீடியோவில் புடவையை விரித்துக் காட்ட
"இந்த மாம்பழ நிறம் உனக்கு எடுக்கவில்லை" என்றேன்.
அன்றிலிருந்து அவள் என்னிடம்
ரொம்ப மரியாதையாகப் பேசுகிறாள்.

போன சனிக்கிழமை
கோட்டைக் கழற்றுவதற்குள் டவுவே கேட்டார்:
"மறுபடி எப்போது வருவாய்?"
சொன்னேன். எழுதிக்கொண்டார்.
காபி ஆறுவதற்குள் கேட்டார்.
சொன்னேன். எழுதிக்கொண்டார்.
நாட்குறிப்பைத் தள்ளிவைக்கையில் பார்த்தேன்,
ஜூன் முழுக்க என் பெயர்,
ஒவ்வொன்றும் வேறு எழுத்துக்கூட்டலில்.

வீட்ஸ்கே சன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:
"தூக்கம் போதவில்லை அவருக்கு.
கோடைக்குக் கடிகாரத்தை மாற்றினார்கள் இல்லையா,
அதனால்தான்."

மாற்றி ஆறு வாரம் ஆகிறது.

என் வேலை எனக்குத் தெரியும்.
அரை டிகிரிக்குள் எங்கே நீர் சேர்ந்தது என்று
கருவி இல்லாமலே சொல்வேன்.
மருத்துவரிடம் காட்டினாயா என்ற கேள்வி
அவளிடமிருந்தே கற்றுக்கொண்ட நேர்த்தியோடு
பல் வரைக்கும் வந்தது.

ஐந்து அடித்தது.
யாரும் எழவில்லை.
வீட்ஸ்கே கூடையை இழுத்து மடியில் வைத்து
உருளைக்கிழங்கு சீவத் தொடங்கினாள்,
இரண்டு பேருக்கு மேலாக.

"ஆமாம்" என்றேன்.
"கடிகாரம் மாறினால்
எங்கள் ஊரிலும் அப்படித்தான்."

எங்கள் ஊரில் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை.
வீட்ஸ்கேவுக்கு அது தெரியும்.
ஒரு கத்தியை என் பக்கம் நகர்த்தினாள்,
பிடி முன்னால் இருக்க.