நானூற்றைம்பது

அண்டியாபீசில் எல்லாவற்றுக்கும் எண் உண்டு.
நூற்றெண்பது ராஜா.
இருநூற்றுநாற்பது கப்பலேறும்.
முந்நூற்றிருபது டப்பாவில் பம்பாய் போகும்.
நானூற்றைம்பது, பாயசத்தில் மிதக்கிற பொடியன்.
ஒரு ராத்தலுக்கு எத்தனை பருப்போ அதுதான் எண்.
களியக்காவிளைக்குக் கிழக்கே
ரப்பர் மரங்களுக்குள் ஒரு தகரக் கூரை.
நாலு வருசம் கொட்டை தல்லினேன்,
அந்தக் கறை இன்னும் நகத்தடியில் இருக்கிறது.
பிறகு பத்து வருசமாய்
பருப்பைத் தொட்டு எண் சொல்லுகிறேன்.

பெனிஷாவுக்கு ஆறாம் மாதம்
மட்டிப்பழம் மசித்துக் கொடுத்தோம்.
இந்தப் பக்கம் எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான்.
வாந்தி. வியர்வை. கண் செருகியது.
கண்ணேறு என்றார்கள், மிளகாய் சுற்றினார்கள்.
வாந்திக்குத் தந்த மருந்தும் சர்க்கரைப்பாகு.
குடிக்கக் குடிக்க
வலப்பக்கம் விலாவுக்குக் கீழே கல்லாய் வீங்கியது.

பாறசாலை தாண்டும்போது பஸ்ஸில் எல்லாரும்
மடியில் குறுக்கே கிடந்தவளையே பார்த்தார்கள்.
திருவனந்தபுரத்து டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி:
"மதுரம் கொடுத்தால் முகம் திருப்புமோ?"
திருப்புவாள்.
தேன் தொட்ட விரலைக்கூடத் துப்பினாள்.
பிடிவாதம் என்று
மூக்கைப் பிடித்து ஊட்டியது இந்தக் கைதான்.

பழத்தின் இனிப்பை உடைக்கிற ஒன்று
ஈரலில் இருக்கணுமாம். அவளுக்கு இல்லை.
பாதிக் குறை என்னிடமிருந்து, பாதி அவரிடமிருந்து.
எங்களை அது ஒன்றும் செய்யவில்லை.
இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து
சீதனத்தைப் பவுன் பவுனாய்ப் பேசினார்கள்,
இதை யாரும் பேசவில்லை.

அதிலிருந்து பழம் இல்லை, கருப்பட்டி இல்லை,
முற்றமெல்லாம் தென்னை, இளநீர் இல்லை.
சோறு, மீன், முட்டை, பால்.
பள்ளிக்கூடத்துக்கு வந்த பல் டாக்டர்
அவள் வாயைக் காட்டி மற்ற பிள்ளைகளைத் திட்டினாராம்,
ஒரு சொத்தையும் இல்லையே என்று.

ஏழு வயதில் என் கையை முகர்ந்து கேட்டாள்:
"அம்மா, நீ பிரிக்கிறது என்ன ருசி?"

ரத்தம் பார்த்து, அவளுக்கென்று மட்டும்
ஒரு தாள் எழுதித் தந்தார் டாக்டரம்மா.
முதலில் ஒன்று. மூன்று நாள் பார்.
பிறகு மெல்ல மெல்ல,
ஒரு நாளைக்குப் பத்து கிராம், தாண்டக் கூடாது.
எந்தப் பூச்சும் கூடாது.
"வீட்டில் தராசு உண்டோ?" என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
நானூற்றைம்பதில் ஒரு பருப்பு ஒரு கிராம்.
முந்நூற்றிருபது என்றால் ஏழு.
கண்ணை மூடிக்கொண்டும் அளப்பேன் டாக்டரே.

முதல் பருப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து.
இரண்டாய்ப் பிளந்து தின்றாள்.
ராத்திரி முழுக்க அவள் வயிற்றில் கைவைத்துக் கிடந்தேன்.
விடிந்ததும் பசிக்கிறது என்றாள்.

கிறிஸ்மசுக்கு ஆபீசில் தந்த பொட்டலம்,
மினுமினுவென்று வறுத்த பருப்பு.
எழுத்துக்கூட்டி வாசித்தேன்: உப்பு, மிளகு, எண்ணெய்.
மடிப்புக்குள் ஒளிந்த வரியை வாசிக்கவில்லை.
நாக்கு நுனியில் வைத்தவள்
உடனே கையில் துப்பி நீட்டினாள்:
"இது பொய்ப் பருப்பு."
மடிப்பை விரித்தேன். சர்க்கரை, தேன்.
வாய் கொப்பளிக்க அவளே எழுந்து போனாள்.
நான் பொட்டலத்தோடு அங்கேயே நின்றேன்.

போன மாசம் கொழுந்தன் வின்ஸ்லின்
சவுதியிலிருந்து அக்ரூட் கொண்டுவந்தான்.
போன் பண்ணிக் கேட்டேன்.
இதில் இனிப்பு இன்னும் குறைவாம்,
ஆனாலும் ஒன்றில் தொடங்கச் சொன்னார்.
அரைத்துண்டு மென்றாள். தொலி கசந்திருக்கும்.
முகம் சுளிப்பாள் என்று பார்த்தால்
கண்ணை அகல விரித்து,
"அம்மா, உன் பருப்பைவிட இது நல்லாயிருக்கு."

பதினாலு வருசம்.
மிச்ச அரையை நான் தின்றேன்.
கசப்புதான்.