மூக்கனேரியில் நாலரை மணி

ஆடி முழுக்கக் கோட்டை மாரியம்மனுக்குக் கட்டிய
அதே நாலு குழாய்தான்.
அதில் ஒன்று, குகை வண்டி வேடிக்கையில்
மாட்டுக் கொம்பு பட்டுக் கீழே விழுந்து
வாய் நெளிந்தது.
தட்டி நிமிர்த்த விடமாட்டான் அப்சல்.
"குரல் இதுலதாண்ணே கனமா வருது."

தீபாவளி போன ஆறாம் நாள்
இருட்டோடு வேப்பமரம் ஏறுகிறோம்.
ஆர்டர் கொடுத்தவர் பிரிஜ்கிஷோர்,
சிவதாபுரம் கொலுசுப் பட்டறையில்
பற்றவைக்கிற வேலை.
"பாட்டு வேணாம் அண்ணா, லேடீஸே பாடும்.
லைட் போதும்.
மைக் ஒண்ணு, யாராச்சும் காணாமப் போனா."
காணாமல் போனால் என்ன வாடகை?
எண்ணூறு என்றேன். லைட்டுக்குத் தனி.
ஐந்து பேர் சட்டைப்பையிலிருந்து நோட்டு வந்தது.
ஒன்றில் வெள்ளிப்பொடி மினுங்கியது,
அதை ஊதிவிட்டுத் தந்தார்.

டாடா ஏஸ் ஏஸாக வந்து இறங்கினார்கள்.
முறத்தில் கரும்பு, தேங்காய், மஞ்சள் கொத்து.
லீ பஜாரில் வாழைத்தார் விலை ஏறியது
இவர்களால்தான் என்று முணுமுணுத்த டீக்கடை
இன்றைக்கு மூன்று மணிக்கே பால் காய்ச்சியது.

மூக்கு நுனியிலிருந்து வகிடு வரை
ஒரே கோடாய்ச் செந்தூரம்.
இடுப்பளவு நீரில்
கிழக்கு பார்த்து நிற்கிறார்கள் பெண்கள்.
சேர்வராயன் மழை இறங்கிய தண்ணீர்,
எலும்பு வரை கேட்கும் குளிர்.
பச்சைத்தண்ணி பல்லில் படாமல் ஒன்றரை நாள்
என்றார் பிரிஜ்கிஷோர்.
நாங்கள் அதைப் பேச்சுக்குச் சொல்வோம்.

சூரியனைக் காணோம்.
மலை மேகம் இறங்கி ஏரியை மூடிக் கிடக்கிறது.
தீவுத் திட்டில் நீர்க்காகம் இறகு உதறுகிறது.
இருபத்தொரு வருஷத் தொழிலில்
ஒரு விசேஷத்திலும் நான் சும்மா நின்றதில்லை.
கை தானாக வால்யூம் திருகைத் தேடுகிறது.

அப்போதுதான் அப்சல் ஒரு குழந்தையைத் தூக்கி வந்தான்.
மூன்று வயதிருக்கும். ஒற்றைச் செருப்பு.
அழவில்லை. பேர் கேட்டால்
கையிலிருந்த கரும்பைக் காட்டுகிறது.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்:
"பச்சைச் சட்டை அணிந்த குழந்தை ஒன்று
மேடை அருகே பத்திரமாக உள்ளது..."
மேடையே கிடையாது.
ஒரு தலையும் திரும்பவில்லை.
பிரிஜ்கிஷோர் எங்கோ கழுத்தளவு நீரில்.

மைக்கைக் குழந்தையிடம் நீட்டினேன்.
முதலில் கடித்துப் பார்த்தது.
ஏரி முழுக்கப் பல் சத்தம்.
பிறகு சொன்னது:

மாயீ.

நெளிந்த வாயில் சற்றுக் கனமாக.

நீரில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள்.
கைக்குழந்தை இடுப்பில் இருந்தவள்,
பேரன் எடுத்தவள்,
இன்னும் பெறாதவள்.
டீக்கு வந்த கன்னங்குறிச்சிப் பூக்காரி செங்கம்மா
கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.
ஆடியில் நானே தொண்டை கிழியக் கூப்பிட்டதுதானே,
முன்னால் ஒரு 'மக' சேர்த்து.

நட்ட நடுவில் ஒருத்தி கை தூக்கினாள்.
சூரியன் வராமல் கரையேறக் கூடாதாம்.
குழந்தைதான் போயிற்று,
இடுப்பு மாறி இடுப்பு,
கரும்பு நனையாமல்.

எல்லோரும் அதையே பார்த்திருக்க
அவர்கள் முதுகுக்குப் பின்னால்
மேகத்தில் ஒரு கிழிசல்.
"அண்ணே, சொல்லுங்கண்ணே" என்றான் அப்சல்.
அவர்கள் மொழியில் அதற்கு என்ன பேரோ.

"வந்துருச்சு" என்றேன் மைக்கில்.

முறங்கள் உயர்ந்தன.

வெயில் ஏறி ஒயரைச் சுருட்டும்போது
இலையில் இனிப்பு கொண்டுவந்தார் பிரிஜ்கிஷோர்.
தேக்குவா. கடைவாயில் வைத்துத்தான் உடைக்க வேண்டும்.
போன வார அதிரசம் மாதிரி என்றான் அப்சல்.
"மைக் மூணு வாட்டிதான் பேசுச்சு அண்ணா,
ஐநூறு வச்சுக்கலாமா?"

வாய் நிறைய வெல்லம்.
பதில் சொல்ல முடியவில்லை.