போணி

முதலில் பதினொரு புட்டிகள்தான்.
சமையலறை ஜன்னல் விளிம்பில்
பச்சை, வெள்ளை, ஒரே ஒரு ஊதா.
மொண்டெவிடியோ தெருக்களில்
சோடா வண்டியைக் குதிரை இழுத்த காலத்தவை.
ஈயத் தலை, வளைந்த மூக்கு,
கண்ணாடியில் அமிலம் அரித்து எழுதிய
மூடிப்போன கம்பெனிகளின் பெயர்.
காலை வெயில் ஊதாவுக்குள் புகுந்து வந்து
ஒலிவியோவின் ரொட்டியில் விழும்.
"விஷம் தடவியிருக்கிறாய், சுல்மா" என்பார்.
தின்பார்.

பல் மருத்துவரிடம் எனக்கு ரசீது எழுதும் வேலை.
புட்டி வாங்குவது ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல்,
திங்களன்று தணிந்துவிடும்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் எவாரிஸ்தோ
ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே நின்றபடி கேட்டார்:
"அந்த ஊதா என்ன விலை?"
விற்பதற்கில்லை என்று சொல்லத்தான்
வாயைத் திறந்தேன்.
ஓர் எண் வெளியே வந்தது.

கழுத்தோரம் மயிரிழைக் கீறல் ஒன்று,
கழுவும்போது குழாயில் நானே தட்டியது.
அவர் கேட்கவில்லை.
நான் சொல்லவில்லை.

அன்றிரவு தூங்காமல் கணக்குப் போட்டேன்.
ஒரு புட்டி,
பன்னிரண்டு நாள் ரசீது.

பிறகு ஒலிவியோவின் சைக்கிள்
கொட்டகையிலிருந்து மழைக்கு வந்தது.
பிறகு வேலையை விட்டேன்.
பிறகு திரிஸ்தான் நர்வாஹா சந்தையில்
மரத்தடியில் நான்கு முழ இடம்,
மடக்கு மேசை, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு.
வாங்கும்போது முகத்தைக் கல்லாக்கக் கற்றேன்.
பிடித்த பொருளை விட்டுவிட்டு
பக்கத்துப் பொருளை விசாரிக்கக் கற்றேன்.
கீறல்,
வாங்கும்போது வெயிலுக்கு நேரே.
விற்கும்போது சுவர்ப் பக்கம்.

வீட்டு ஜன்னலில் இப்போது
ஜன்னல் மட்டும் இருக்கிறது.

போன ஜூன் மாதம், குளிர் ஞாயிறு,
இன்னும் போணி ஆகவில்லை.
ஓர் இளைஞன் வாழைப்பழ அட்டைப்பெட்டியோடு வந்தான்.
அப்பா செத்து மூன்று வாரமாம்.
ஒரு ரேடியோ, இரண்டு விளக்கு, கீழே
ஊதா.

புரட்டினேன்.
அடியில் சிவப்பு நகப்பூச்சில் 7,
என் கையெழுத்து.

"வருடப் பிறப்புக்கு மட்டும் எடுப்பார்" என்றான்.
"ஒயினில் சோடா விடுவார்.
கீறல் இருக்கும் பக்கத்தைத் தன் நெஞ்சுக்கு நேரே
வைத்துக்கொள்வார்,
வெடித்தால் எங்கள் மேல் தெறிக்கக் கூடாதென்று."

அந்த இடத்தில்
நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.
சொன்னேன்:
"கீறல் இருக்கிறதே, தம்பி."

அடிமாட்டு விலை.
நோட்டை எண்ணாமலே சட்டைப்பையில் திணித்து
நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனான்.

யாருக்கும் விற்கக் கூடாதென்று
வாயில் வராத விலையை எழுதி ஒட்டினேன்.
அடுத்த வாரம் அதை இரட்டிப்பாக்கினேன்.
அதற்கடுத்த வாரம் இன்னொரு சைபர்.
சந்தையே சிரித்தது.
பக்கத்துக் கடை பழைய பூட்டுக்காரர்
"இதில் வீடு வாங்கலாம்" என்றார்.

செப்டம்பரில் ஒருத்தி வந்தாள்,
சாம்பல் நிறக் கோட்டு, ஈரக் குடை.
பேரம் பேசவில்லை.
பையைத் திறந்துவிட்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது.
புட்டியைத் திருப்பி
வாழ்நாளில் முதல் முறையாக
விற்கிற கையால் கீறலைக் காட்டினேன்.
"இதோ. இங்கிருந்து இதுவரை.
சோடா நிரப்பினால் உயிருக்கு ஆபத்து.
நான்தான் உடைத்தேன்."

குனிந்து பார்த்தாள்.
"எந்தப் பக்கமாக வைத்தால்
தெரியாது?"

பழைய செய்தித்தாளில் சுற்றினேன்,
விளையாட்டுப் பக்கம், மரண அறிவித்தல் பக்கம்,
இரண்டு ரப்பர் வளையம்.
மழை பிடித்துக்கொண்டது.
விரிப்பை இழுத்து மூடி அதற்குள் நின்றபடி
பணத்தை எண்ணினேன்.
ஏதோ குறைகிற மாதிரி இருந்தது.
மறுபடி எண்ணினேன்.
சரியாகத்தான் இருந்தது.