விரல் வைக்கவும்

களிமண்குண்டில் சிக்னல்
மேற்கே அந்த ஒற்றைப் பனையடியில்தான் கிடைக்கும்.
மிஷினைத் தூக்கிக்கொண்டு நான் அங்கே போய் நிற்பேன்.
வரிசையும் கூடவே நகர்ந்து வரும்
காலிப் பைகளோடு, மண்ணெண்ணெய்க் கேன்களோடு.

ரேஷன் கடையில் எடை போடுகிறவன் நான்.
சொந்த ஊர் கமுதிக்குத் தெற்கே.
மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் வீட்டிலும்
இதே அரிசிதான் கொதித்தது.
சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஜூலையில் ஒரு நாள், கடை மூடும் நேரம்,
பாசிக்குப் போன நம்புத்தாய் நேரே இங்கே வந்தாள்.
சேலைக்கு மேல் புருஷன் சட்டை, அதில் உப்பு பூத்திருந்தது.
வலது கட்டை விரலை வைத்தாள்.
பொருந்தவில்லை என்றது மிஷின்.
முந்தானையில் துடைத்து வைத்தாள்.
பொருந்தவில்லை.
ஆட்காட்டி விரல், மோதிர விரல், பிறகு இடது கை.
"தலையில தேய்ச்சிட்டு வையி, எண்ணெப் பசை ஏறும்"
என்றாள் பின்னால் நின்ற சகர்பான் பீவி.
தேய்த்தாள். தலையிலும் உப்புதான்.
பத்தும் தீர்ந்த பிறகு
"இனி கால் விரலா சார்?" என்றாள்.
வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன்.

கையைத் திருப்பிக் காட்டினாள்.
பாறையில் பாசி பிடுங்கிப் பிடுங்கி
ரேகை இருந்த இடம்
அலை தேய்த்த கிளிஞ்சலின் உட்புறம் போலிருந்தது.
"துணி சுத்திக்கிட்டுத்தான் முங்குறோம்.
துணி எத்தன நாளைக்குத் தாங்கும்?"
அந்தப் பாசி உலர்ந்து லாரி ஏறிப் போகிறது.
ஐஸ்கிரீம் சீக்கிரம் உருகாமல் இருக்க
அதில் என்னவோ எடுக்கிறார்களாம்.

கண்ணைப் பார்த்து ஆளைச் சொல்லும் கருவி
தாலுகா ஆபீஸில் இருக்கிறது என்றேன்.
சிவந்த கண்ணால் என்னைப் பார்த்தாள்.
போய்வர ஒரு நாள் ஆகும்,
வத்தம் அவளுக்காக நிற்காது.

அட்டையில் இன்னொரு பெயர் இருந்தது.
கனிஷ்கா, ஏழாம் வகுப்பு.
அடுத்த மாதம் அவள் வந்தாள்
சீருடையோடு, இரண்டாவது பீரியடு நடக்கும்போது.
விரல் வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது.
இருபது கிலோ. சைக்கிள் கேரியரில் நானே கட்டிவிட்டேன்.

இருபது என்று பில்லில் வந்தது.
குடோனிலிருந்து வருகிற மூட்டை
மேலே ஐம்பது என்று அச்சடித்திருக்கும்,
உள்ளே நாற்பத்தெட்டரை.
குறைகிற ஒன்றரையை நான் எங்கே போய்த் தேட?
தராசின் ஓரத்தில் என் சுண்டுவிரல் லேசாகத் தங்கும்.
அந்த விரலில்
ரேகை நன்றாகத்தான் இருக்கிறது.

நம்புத்தாய்க்கு அது தெரியும்.
ஒருநாள் பருப்பு வாங்கும்போது சொன்னாள்:
"அரிசில பிளாஸ்டிக் கெடக்குன்னு
வெள்ள வெள்ளயாப் பொறுக்கிப் போட்டேன்.
அது சத்து அரிசியாம், டீச்சர் சொல்லிச்சாம் இவகிட்ட.
திருப்பிப் பொறுக்கிக் கழுவி ஒலையில போட்டுட்டேன்.
கொறையிறதே கொறையிது,
இதயும் எதுக்குத் தூரப் போடணும், என்ன சார்?"
நான் கோணியின் வாயைத்
தைத்துக்கொண்டிருந்தேன், தைக்கத் தேவையில்லாத கோணியை.

காலாண்டு லீவில் அமாவாசை வத்தமும் சேர்ந்துகொண்டது.
ஒன்பது நாளும் கடலில் இரண்டு தலைகள் தெரிந்ததாக
சகர்பான் பீவி சொன்னாள்.
பள்ளிக்கூடம் திறந்த மூன்றாம் நாள் கனிஷ்கா வந்தாள்.
மூக்கு நுனி தோல் உரிந்திருந்தது.
விரல் வைத்தாள்.
பொருந்தவில்லை.
பாவாடையில் துடைத்தாள்,
உள்ளங்கையை மேலே திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டு,
அம்மாவைப் போலவே தலையில் தேய்த்து, மறுபடி வைத்தாள்.
பொருந்தவில்லை.

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.
பனையோலை மட்டும் சலசலத்தது.

"சிக்னல் இல்லம்மா, செத்த நேரம் கழிச்சு வை" என்றேன்.

மிஷினின் மூலையில்
நாலு கோடும் முழுசாக இருந்தது.