அலகு

பண்ணைப் பாலத்தின் நடுவில் பஸ் நின்றுவிட்டது.
முன்னால் ஒரு லொறிக்கு ரயர் வெடித்திருக்கிறது.
கொண்டக்டர் இறங்கிப்போய்
கேட்காதவர்களுக்கு யோசனை சொல்கிறார்.
எனக்கு அவசரமில்லை.
காலை ஏழிலிருந்து நின்ற கால்கள்
இப்போதுதான் ஒரு சீற்றைக் கண்டிருக்கின்றன.

யன்னலுக்கு வெளியே கடல் வற்றிக் கிடக்கிறது.
சின்ன உள்ளான்கள் சேற்றின் தோலை மட்டும் கொத்துகின்றன,
தையல் மெஷின் ஊசிபோல, மூச்சு விடாமல்.
அதற்கு ஒரு விரற்கடை கீழே கிடக்கிற புழு
அவற்றின் உலகத்திலேயே இல்லை.
பவளக்காலியின் உலகத்தில் இருக்கிறது.
பவளக்காலிக்கும் எட்டாத குழிக்குள்
ஒரு சாண் வளைந்த அலகை அடிவரை இறக்கி
குதிரைமலைக் கோட்டான் துழாவுகிறது,
பஸ்ஸுக்குள் நெரிபட்டபடி
சட்டைப்பையில் சில்லறை தேடுகிறவர் மாதிரி.
அங்காலே முழங்கால் தண்ணீரில்
தலையைக் கவிழ்த்துப் பிடித்து
கடலை வடித்துத் தின்கின்றன பூநாரைகள்.

ஒரே சேறு, ஒருத்தருக்கும் கொழுவல் இல்லை
என்று நினைத்து வாய் மூடவில்லை,
ஒரு கடற்புறா ஆலாவைத் துரத்தித் துரத்தி
அதன் வாயிலிருந்த மீனை விழுத்திப் பிடிக்கிறது.
சரி, அதுவும் ஒரு தொழில்.

பத்தாம் வகுப்பில் போசணை ஆறாவது அலகு.
தற்போசணி, பிறபோசணி, அழுகல்வளரி
எல்லாம் பாடமாக்கிக்கொண்டு போனேன்.
ஒட்டுண்ணிக்கு உதாரணம் தருக என்ற இடத்தில்
மாமரத்துக் குருவிச்சை என்று எழுதாமல்
பெரியப்பாவின் முழுப்பெயரை எழுதினேன்.
பத்மலோசனி ரீச்சர் சிவப்பால் வட்டம் போட்டு
பக்கத்தில் அரை மார்க் போட்டா.
அந்த அரை மார்க்கை நான் இன்னும் மறக்கவில்லை.

இப்போது எனக்கும் ஓர் அலகு தந்திருக்கிறார்கள்.
பதினொரு சென்ரிமீற்றர். இரும்பு.
பிடியில் இருபத்தேழு என்று இலக்கம்.
அவித்த நண்டு மேசை மேசையாக நகரும்.
ஓடு உடைக்கிறது மேரி யூட்டின் மேசை.
துடுப்புக்காலின் அடியில் திரண்டிருக்கும்
வெள்ளைச் சதை றெஜினாவுக்கு,
அதற்குக் கிலோவுக்குக் கூட.
கொடுக்குச் சதை எனக்கு.
றெஜினாவின் ஊசி கொடுக்குக்குள் போகாது,
என்னுடையது அவளுடைய சதையைச் சிதைக்கும்.
ஆகையால் நாங்கள் சிநேகிதிகள்.

கழிவுத் தண்ணீர் குழாயால் வெளியே போகிற இடத்தில்
திரளி மீன்கள் வாயைப் பிளந்து நிற்கும்.
திரளிகளைப் பார்த்துக் கொக்குகள்.
கொக்குகள் விட்டதைப் பார்த்து
காவற்காரரின் வாலறுந்த பூனை.
சதை மட்டும் ரின்னில் ஏறி
நாங்கள் போகாத நாடுகளுக்குப் போகும்.

ஒருநாள், மேற்பார்வையாளர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம்,
நண்டின் இரைப்பையைப் பிரித்துப் பார்த்தேன்.
அது கடைசியாக என்ன தின்றதென்று
ஒருத்தரும் கேட்பதில்லையே.
மட்டி ஓட்டுத் துகள். மீன் செதில் இரண்டு.
ஒரு நீல நூல்,
மயிர் அளவு, முடிச்சோடு.
வலையில் பட்ட மீனைத் தின்ன வந்து
வலையையும் கொஞ்சம் தின்றிருக்கிறது.
நூலைக் கழுவி ஏப்ரனில் துடைத்தேன்.
என்ன செய்வதென்று தெரியவில்லை.
திரும்ப வைத்துவிட்டேன்.

வீட்டில் மின்சாரப் பட்டியல் கிடக்கிறது.
எண்பத்துநான்கு அலகு.
அதைக் கிலோக் கொடுக்காக மாற்றிப் பார்த்தால்
இரண்டு நாள், ஒரு பின்னேரம்.

லொறி ஒதுங்கிவிட்டது. பஸ் உறுமுகிறது.
பக்கத்துச் சீற் அம்மா
என் மணம் தாங்காமல் முன்னுக்குப் போய்விட்டா.
அவ விட்ட இடத்தில் ஓர் இலையான்.
மெல்லப் பறந்து என் சட்டைக் கையில் இருந்து,
முன்கால் இரண்டையும் தேய்த்து,
நெய்தலுக்குள் காய்ந்துபோன நண்டுச் சாற்றில்
எச்சில் விட்டு, கரைத்து, உறிஞ்சத் தொடங்குகிறது.

இந்த ஊரில் இந்தச் சட்டைக்கு
வேறு ஆள் வரப்போவதில்லை.
பாலம் முடியுமட்டும்
கையை அசைக்காமல் வைத்திருந்தேன்.